கட்டாயம் நிரப்பவும்

திரையில் எட்டரை என்ற எண்ணைப் பார்த்ததும் வெர்னா கோஸ்கெலாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவள் வீட்டுக் கிணற்றிலேயே ஆர்சனிக் நஞ்சு லிட்டருக்கு முப்பத்தெட்டு மைக்ரோகிராம். பக்கத்து வீட்டு லெம்பியின் கிணற்றில் அறுபத்து நான்கு. பத்தைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது அரசாங்கம் வைத்த எல்லை. அப்படியிருக்க, டமராக் ரோட்டின் முப்பத்தொரு கிணறுகளுக்கும் சேர்த்துச் சராசரி எட்டரை என்றால் யாரோ கணக்கில் கைவைத்திருக்க வேண்டும். அது யாருடைய கை என்று புரிய அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் மாதக் கடைசிச் செவ்வாய், மாலை ஆறரை மணி. கிவிலம்பி ஊர்மன்றக் கூடத்தில் ஈர பூட்ஸ் நாற்றமும் பெரிய டிரம்மில் கொதித்துக் கொதித்துக் கசந்துபோன காப்பி வாசனையும் நிறைந்திருந்தன. நீள மேசைக்குப் பின்னால் மன்ற உறுப்பினர்கள் ஐந்து பேர், நடுவில் தலைவர் கார்டன் பெல்கி. திரைக்குப் பக்கத்தில் சுரங்கக் கம்பெனி அமர்த்திய பொறியாளர் டாட் ஹார்ட்சிக். எதிரே மடக்கு நாற்காலிகளில் டமராக் ரோட்டுக்காரர்கள், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

அன்றைக்கு ஓட்டெடுப்பு. ரோட்டின் சராசரி பத்தைத் தாண்டினால் ஊர்க் குழாயைச் சுரங்கக் கம்பெனியின் செலவில் அதுவரை நீட்டுவது, தாண்டாவிட்டால் இல்லை என்று இலை உதிரும் காலத்திலேயே தீர்மானம் போட்டு வைத்திருந்தார்கள்.

எட்டு வருடங்களாக அந்த ரோட்டுக்காரர்கள் ஊர்க் குழாயில் கேன் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஜனவரியில் ஈரக் கேன் கையுறையோடு ஒட்டிக்கொள்ளும். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தன் பிக்கப்பில் பன்னிரண்டு கேன் தூக்கி வைப்பாள். வலது தோள் போயே போய்விட்டது. குழாய் வராவிட்டால் இன்னும் எட்டு வருடம் கேன், இன்னொரு தோளும் போகும்.

"இது என்னோட எண் இல்லீங்க" என்றான் டாட், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. "உங்க ஊர் விக்கியில இருக்கிற அட்டவணை. நான் ஒரு புள்ளிகூட மாத்தல."

அவன் சொன்னதில் பொய்யே இல்லை. வெர்னாவுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த விக்கியை ஆறு வருடங்களுக்கு முன்னால் ஆரம்பித்தவளே அவள்தான். ஊர்மன்றத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு பொது நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் திறந்து வைத்தாள். ஜனங்கள் மனம்போல எழுதினார்கள். லெம்பியின் பக்கத்தில் இப்படி இருந்தது: "போன வசந்தத்திலிருந்து காப்பி சாம்பல் நிறத்தில் வருகிறது. பால் ஊற்றினாலும் மாறவில்லை. நாய் இந்தத் தண்ணீரைக் குடிப்பதை விட்டுவிட்டது. நாய்க்கு என்னைவிட அறிவு அதிகம்."

இரண்டு வருடங்களுக்கு முன் இதே கூடத்தில் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டியபோது டாட் இதேபோலப் பல் தெரியச் சிரித்தான். "நல்லா எழுதியிருக்காங்க. ஆனா இதெல்லாம் கதை. தகவல் கொண்டு வாங்க, பேசுவோம்."

வெர்னாவுக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்தக் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, கதையைத் தகவலாக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு கிணற்றுப் பக்கத்தின் தலையிலும் ஒரு பெட்டி. அதில் ஆழம், ஆர்சனிக் அளவு, சோதனைச் சீட்டு எண், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து என்று கட்டங்கள். கட்டங்களை நிரப்ப விக்கி எழுதும் முறை எதுவும் தெரிய வேண்டாம். 'திருத்து' என்ற பொத்தானைத் தொட்டால் ஒரு படிவம் திறக்கும், அதில் அடித்துச் சேமித்தால் போதும். முப்பத்தொரு பக்கங்களிலும் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கியெடுத்து ஓர் அட்டவணை தானாகவே கூட்டிக் கழித்துச் சராசரி காட்டும். யாராவது ஒரு கட்டத்தை மாற்றினால் அட்டவணையும் அந்தக் கணமே மாறும். லெம்பியின் நாயும் சாம்பல் காப்பியும் பெட்டிக்குக் கீழே அப்படியே இருந்தன. அவற்றை அழிக்க வெர்னாவுக்கு மனம் வரவில்லை.

அது மட்டும் செய்துவிட்டு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஆனால் கோபத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகச் சேர்த்தாள். யாரும் நழுவக் கூடாது, டாட் மறுபடி "தகவல் இல்லையே" என்று சொல்லக் கூடாது என்று, ஆர்சனிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்று போட்டாள். அந்த வார்த்தை இருந்தால் எண் போடாமல் படிவம் சேமிக்காது. தீர்மானத்தில் ஊர் விக்கியின் அட்டவணைதான் செல்லும் என்று எழுத வைக்க மன்றத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியவளும் அவளேதான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சோதனைக்குத் தண்ணீர் எடுத்தால் அதே நாளில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். பனி கொட்டும் மாதங்களில் அது நடக்கிற காரியமில்லை. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள்தான் கொடுத்திருந்தார்கள். மீதிப் பத்தொன்பது பேர் படிவத்தைத் திறந்தார்கள், எண் கேட்டது, பூஜ்யம் போட்டார்கள்.

அதுவும் வெளியூர்க்காரன் செய்யக்கூடிய தப்பில்லை. அந்தப் பக்கத்து மான் வேட்டைக் குடில் ஒவ்வொன்றிலும் கதவருகே ஒரு பலகை தொங்கும். அன்றன்றைக்கு யார் என்ன அடித்தார்கள் என்று எழுத வேண்டும். ஒன்றும் கிடைக்காதவன் பூஜ்யம் போட வேண்டும். வெற்றாக விட்டால் சோம்பேறி, இல்லையென்றால் எதையோ அடித்துவிட்டு மறைக்கிறான் என்று பேச்சு வரும். பிறந்ததிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கையில் ஒன்றுமில்லையா, பூஜ்யம். வெர்னாவோ அட்டவணையைப் பெரிய எண் மேலே வரும்படி அடுக்கி வைத்து, மேலே இருந்த பத்துப் பன்னிரண்டையே பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்தாள். கீழே என்ன கிடக்கிறது என்று ஒரு நாளும் இறங்கிப் பார்க்கவில்லை.

"எண் வந்தாச்சு. இதுக்கு மேல பேச என்ன இருக்கு. ஓட்டுக்குப் போவோம்" என்றார் கார்டன் பெல்கி.

வெர்னா எழுந்தாள். "ஒரு நிமிஷம் கார்டன். அந்த எண் தப்பு."

"உன் அட்டவணைதானேம்மா?"

"என் அட்டவணைதான். தப்பும் என்னோடதுதான்."

கிவிலம்பியில் பனியில் வண்டியைப் பள்ளத்தில் விட்டவன்கூட ரோட்டைத்தான் குறை சொல்வான். மன்றக் கூட்டத்தில் நின்றுகொண்டு என் தப்பு என்று ஒருத்தி சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அவள் நேராகத் திரைக்குப் போய் டாட்டின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது என்னோட கம்ப்யூட்டர்" என்றான் டாட்.

"தெரியும். உள்ள இருக்கிறது என்னோட விக்கி."

அட்டவணையில் சோதனைச் சீட்டு எண்ணுக்கும் ஒரு வரிசை சேர்த்தாள். ஒரே ஒரு வரி எழுதும் வேலை. பன்னிரண்டு கிணறுகளுக்கு நேராகச் சீட்டு எண் வந்து நின்றது. பத்தொன்பது கிணறுகளுக்கு நேராக ஒன்றுமே இல்லை. அந்தப் பத்தொன்பதிலும் ஆர்சனிக் பூஜ்யம்.

"ஆர்வோ, உங்க கிணத்துல ஆர்சனிக் சைபரா?"

ஆர்வோ யுன்டி மரம் வெட்டுகிறவர். வருடத்துக்கு மூன்று வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு ஈஸ்டர் பண்டிகைக்குள் தீர்ந்துவிடும் என்று ஊரில் கேலி. அவர் நாற்காலியில் நெளிந்தார்.

"தெரியாது."

"பின்ன ஏன் சைபர் போட்டீங்க?"

"நம்பர் போடாம விட மாட்டேன்னுச்சு. ஒண்ணும் இல்லேன்னா சைபர்தானே போடணும்."

சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின. அவர்களும் அப்படித்தான்.

"ஏண்டி வெர்னா" என்றாள் லெம்பி ராடிகைனன். ஹாக்கி அரங்கில் பனித்தரை வழிக்கும் வண்டியை முப்பது வருடம் ஓட்டியவள், அந்த இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசியே குரல் அப்படி ஆகிவிட்டது. "ஊரையே கட்டாயப்படுத்தி முட்டை போட வெச்சிருக்கியே. கோழிப்பண்ணை வெச்சிருந்தா இந்நேரம் பெரிய ஆளாயிருப்ப."

சிரிப்பு எழுந்தது. வெர்னாவும் சிரித்தாள், முகம் சிவந்துதான். மானம் போனது போனதுதான், குழாய் போகக் கூடாது.

டாட் தொண்டையைச் செருமினான். "வருத்தமான விஷயம்தான். ஆனா பதிவானது பதிவானதுதான். ரிசல்ட் பிடிக்கலைன்னு கூட்டத்துக்கு நடுவுல மாத்தினா அதுக்குப் பேரு தகவல் இல்ல."

"சரியாச் சொன்னீங்க" என்றார் கார்டன்.

வெர்னா எழுத்தர் டயானைப் பார்த்தாள். "தீர்மானத்தைக் கொஞ்சம் படி, டயான்."

டயான் கண்ணாடியை இறக்கிப் படித்தாள். "ஓட்டெடுப்பு நடைபெறும் நேரத்தில் ஊர் விக்கியின் அட்டவணை காட்டும் சராசரியே இறுதியானது." பிறகு தன் சார்பாக ஒரு வார்த்தை சேர்த்தாள். "ஓட்டெடுப்பு இன்னும் ஆரம்பிக்கல."

வெர்னா படிவத்தின் உள்பக்கத்தைத் திறந்தாள். திரையில் எல்லோரும் பார்க்க, அந்த ஒற்றை வார்த்தையைத் தேடி எடுத்தாள். கட்டாயம். அழித்தாள். சேமித்தாள். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் வரியில் அடித்தாள்: "தெரியாததைத் தெரியாது என்று விடும் உரிமையைப் பறித்தது என் தப்பு. வெ. கோஸ்கெலா."

"போனை எடுங்க" என்றாள் கூடத்தைப் பார்த்து. "உங்க கிணத்துப் பக்கத்துக்குப் போங்க. திருத்துன்னு இருக்கும், தொடுங்க. சோதிச்சவங்க கை வைக்க வேண்டாம். சோதிக்காதவங்க அந்த சைபரை எடுத்துட்டு வெத்தா விடுங்க, வெத்துக் கட்டத்தைச் சராசரி கணக்குல சேர்க்காது. ஏன்னு காரணம் எழுதுங்க. யாரு எதை எப்ப மாத்தினாங்கன்னு வரலாறு அங்கேயே நிக்கும். இதுல ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல."

"வெத்தா விட்டா நல்லாவா இருக்கும்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கவலைப்பட்டது.

"பொய்யா நிரப்பறதுக்கு அது தேவலை" என்றாள் லெம்பி.

முதலில் ஆர்வோ. பெருவிரல் மரக்கட்டை கணக்காக இருக்கும், மூன்று தடவை தப்பாகத் தொட்டு நாலாவது தடவை சேமித்தார். திரையில் எட்டரை எட்டு புள்ளி எட்டானது. கூடத்தில் ஒரு சலசலப்பு. அடுத்தது ஒன்பது புள்ளி ஒன்று. டாட் கைகளைக் கட்டிக்கொண்டான்.

கார்டன் எழுந்துவிட்டார். "வெர்னா, பக்கத்தைப் பூட்டு."

யாரும் திருத்த முடியாதபடி விக்கியைப் பூட்டும் அதிகாரம் ஊரில் ஒரே ஆளிடம்தான் இருந்தது. அந்த ஆள் கணினிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பூட்ட மாட்டேன்."

"இது உன் வீட்டுச் சொத்து இல்ல. ஊர்மன்றத்தோட விக்கி."

"ஆமா. ஊர் எழுதிக்கிட்டிருக்கு, பாருங்க."

ஒன்பது புள்ளி நான்கு.

"பூட்டலேன்னா நாளைக்கு அந்தச் சாவி உன் கையில இருக்காது. நான் சொன்னதைச் செய்றவன்."

"நாளைக்குத்தானே கார்டன். இன்னைக்கு இருக்குல்ல."

அந்த விக்கி அவளுடைய ஆறு வருட உழைப்பு. பேருந்துக்குள் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் அந்தப் பக்கங்களைத்தான் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். பறித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். பறிக்கட்டும் என்று நினைத்தாள். பயந்து பூட்டிவிட்டு அந்தச் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒன்பது புள்ளி எட்டு. அங்கே ஒரு நிமிடம் நின்றது. ஒருவருக்குப் போனில் சிக்னல் இல்லை, கூடத்துக்கு வெளியே பனிக்குவியல் மேல் ஏறிக் கையை உயர்த்தி நின்றார். ஜன்னல் வழியாக எல்லோரும் அவரையே பார்த்தார்கள். திரையில் எண் புரண்டது. பத்து புள்ளி இரண்டு. கைதட்டல் கூரையைத் தொட்டது. வெளியில் நின்றவர் எதற்கென்று தெரியாமல் தானும் கைதட்டினார்.

அதற்குப் பிறகு மடமடவென்று ஏறியது. கூட்டத்துக்கு வராத நான்கு பேருக்கு லெம்பி போன் போட்டாள். "தூங்கினது போதும், எழுந்து உன் முட்டையை அழி" என்று ஒருவரிடம் அவள் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. அட்டவணைக்குப் பக்கத்தில் மாற்றங்களும் காரணங்களும் வரிசையாக இறங்கின. சோதிக்கவில்லை. சோதனைச் சீசா வந்தது, பனியில் ரோடு மூடியிருந்தது. மாமியார் போட்ட பூஜ்யம், எனக்குத் தெரியாது. ஆர்வோவின் காரணம்தான் எல்லாவற்றிலும் நீளம்: "தெரியாது. தெரிந்ததுபோல எழுதியதற்கு மன்னிக்கவும். இனிமேல் நம்பர் கேட்டு மிரட்டாதீர்கள்." அந்த வருடத்து வாக்கியங்கள் அவருக்கு மார்ச்சிலேயே முடிந்தன.

இருபது புள்ளி மூன்றில் எண் நின்றது. பதினெட்டுப் பூஜ்யங்கள் போயிருந்தன. ஒன்று மட்டும் அசையாமல் கிடந்தது.

டாட் அதைப் பிடித்துக்கொண்டான். ஆழம் தெரிந்த ஆள். "சரி, இருபது. ஒத்துக்கறேன். ஆனா அதோ பாருங்க, ஒருத்தர் இன்னும் சைபர்னே நிக்கிறாரு. எல்லாரும் மாத்தியும் அவரு மாத்தல. அப்ப அவரு கிணறு சுத்தம்தானே? அதே ரோட்டுல ஒரு சுத்தமான கிணறு இருக்குன்னா, கெட்டது நிலத்தடித் தண்ணி இல்ல, தனித்தனிக் கிணறு. ஆளுக்கொரு வடிகட்டி போதும். குழாய் எதுக்கு? எதுக்கும் ஒரு வருஷம் தள்ளி வெச்சு ஆராயலாம்."

கார்டன் உடனே பற்றிக்கொண்டார். "ஒரு வருஷம் தள்ளிவைக்கலாம்னு நான் முன்மொழியறேன்." அவருக்கு இரு பக்கமும் இருந்த இரண்டு உறுப்பினர்கள் பாதித் தலையை ஆட்டினார்கள். மூன்று பேர் போதும். டமராக் ரோட்டுக்கு அப்படியே வேர்த்துவிட்டது.

"நீயே அதை அழிச்சிடேன்டி" என்றாள் லெம்பி. "விக்கியில யாரு பக்கத்தையும் யாரும் திருத்தலாம்னுதானே சொல்லுவ?"

திருத்தலாம். ஒரு தொடுகை போதும். ஆனால் வெர்னாவுக்கு அந்தக் கிணறு யாருடையது என்று தெரியும். ஊருக்கே தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும், முப்பத்தொரு பக்கங்களையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள்.

"மாட்டேன். போட்டவங்க இருக்காங்க. அவங்களே எடுக்கட்டும்."

பக்கத்தைத் திரையில் திறந்தாள். பெட்டியை மேலிருந்து கீழாக, பேருந்தில் வருகைப் பதிவு படிக்கிற குரலில் படித்தாள்.

"கிணறு எண் இருபத்தேழு. வேட்டைக் குடில். ஆழம், நூத்திப் பத்து அடி. ஆர்சனிக், பூஜ்யம். சோதனைச் சீட்டு, இல்லை. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து, ஊர்க் குழாய், கேனில். நிரப்பியவர்..." அங்கே ஒரு மூச்சு விட்டாள். "கார்டன் பெல்கி. நவம்பர் பதினாலு."

நவம்பர் பதினாலு என்றால் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின நாள். ஊரில் எல்லா ஆண்களும் அன்றைக்குத்தான் குடிலுக்குச் சாமான் ஏற்றுவார்கள். கார்டனும் ஏற்றியிருக்கிறார். போகிற போக்கில் தலைவர் என்ற முறையில் படிவத்தையும் நிரப்பி வைத்திருக்கிறார், நாலு பேருக்கு முன்மாதிரியாக. மனிதர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளபடியே எழுதியிருந்தார், தன்னையறியாமல்.

"அங்க நல்ல தண்ணியை வெச்சிக்கிட்டு" என்றாள் லெம்பி மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. "எதுக்கு கார்டன் நீங்க கேன் தூக்கறீங்க?"

கார்டன் திரையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். சட்டைக் காலருக்கு மேலே சிவப்பு ஏறி வந்தது.

"காப்பி நல்லா வராது அங்க" என்றார்.

"எப்படி நல்லா வராது?"

"ஒரு மாதிரி... சாம்பல் கலர்ல வரும்."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கதை என்று தள்ளப்பட்ட அதே வரியைத் தலைவரின் வாயாலேயே கேட்டபோது வெர்னாவுக்குக் கண் கரித்தது. ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் இல்லை அது. இத்தனை நாளும் இந்த ஆளுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்ற ஆத்திரம்.

"இதைக் கூட்டக் குறிப்புல எழுதவா?" என்று டயான் பேனாவை எடுத்தாள்.

"எழுது" என்றார் கார்டன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தேடித் தேடித் தொட்டார். அந்தக் கடைசிப் பூஜ்யம் மறைந்தது. அட்டவணை இருபத்திரண்டைக் காட்டியது. காரணம் கேட்கும் வரியில் அவர் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்: "சோதிக்கவில்லை."

தள்ளிவைக்கும் யோசனையை வழிமொழிய ஆள் வரவில்லை. பாதித் தலை ஆட்டியவர்கள் இரண்டு பேரும் குனிந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்கு ஓட்டெடுத்தபோது நான்கு கை உயர்ந்தது. கார்டன் மட்டும் எதிர்த்துப் போட்டார். கம்பெனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர் என்று அவருக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. டாட் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி மூடினான். அந்தத் தடவை பல் தெரியவில்லை.

ஜனங்கள் வெர்னாவைச் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்டினார்கள், அதுவும் வலது தோளில். கூட்டம் கரைந்த பிறகு கார்டன் அவளிடம் வந்தார்.

"சாவியை நாளைக்குக் காலைல டயான்கிட்ட குடுத்துடு. நான் சொன்னதைச் செய்றவன்."

"தெரியும். குடுத்துடறேன்." வெர்னா தன் போனில் எதையோ அடித்துக்கொண்டே பேசினாள். "நாளைக்குக் காலைல."

"இப்ப என்ன பண்ற?"

"படிவத்துல ஒரு கட்டம் குறையுது. சேர்த்துட்டிருக்கேன்."

அவர் எட்டிப் பார்த்தார். முப்பத்தொரு கிணறுகளின் பெட்டியிலும் கடைசியாக ஒரு புதுக் கட்டம் முளைத்திருந்தது: குழாய் வந்த தேதி. அட்டவணையிலும் அதற்கு ஒரு வரிசை. அந்த அட்டவணை இப்போது ஊர்மன்ற இணையதளத்தின் முதல் பக்கத்தில், தலைவரின் வரவேற்புரைக்கு நேர் கீழே நின்றது. முப்பத்தொரு கட்டங்கள், முப்பத்தொன்றும் வெற்று.

"இதுல சைபர் போட முடியாது" என்றாள் வெர்னா. "தேதியைத்தான் ஏத்துக்கும். பூட்டு, சாவி எல்லாம் நீங்க வெச்சிக்குங்க. கட்டத்தை எடுக்கணும்னா எடுங்க, யாரு எடுத்தாங்கன்னு பேரு விழும், அவ்வளவுதான்."

இருபத்தேழாம் கிணற்றுக்கு நேராகவும் அந்த வெற்றிடம் இருந்தது.

"கட்டாயம்னு போட்டிருக்கியா?"

"இல்ல. இதுக்கு அந்த வார்த்தை வேண்டாம். வெத்தா இருக்கட்டும். ஊரே தினமும் பார்க்கட்டும்."

வெளியே லெம்பி பிக்கப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஓட்டெடுப்பில் ஜெயித்ததற்காக வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. இருவரும் கூடத்துக்குப் பின்னால் இருந்த ஊர்க் குழாய்க்கு வண்டியை விட்டார்கள். அங்கே ஏற்கெனவே ஆர்வோ நின்று பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நான்கு வண்டிகள்.

வெர்னா முதல் கேனை இடது கையால் தூக்கினாள். அன்றைக்கும் பன்னிரண்டு கேன்தான்.